சோலங்கி என்ற குடும்பப்பெயர்: நாம் படித்த சாளுக்கியர்தானா?

கேள்வி (எழுதியவர்: சபர்மதிக்கரை)

வேலை நிமித்தம் ஒன்பது ஆண்டுகளாக அகமதாபாத்தில் குடியிருக்கிறேன். எங்கள் அடுக்ககத்தின் வாயிலில், காவலாளியின் நாற்காலிக்கு மேலே, வீட்டு எண்ணும் குடும்பப்பெயரும் வெள்ளை வண்ணத்தில் எழுதிய தகரப் பலகை ஒன்று உண்டு. முப்பத்தாறு வீடுகளில் நான்கு வீட்டுக்கு நேரே ‘சோலங்கி’ என்று எழுதியிருக்கிறது. வந்த புதிதில் இந்த நான்கு குடும்பங்களும் பங்காளிகள் என்றே எண்ணியிருந்தேன். ஒரு தீபாவளியன்று நான்கு வீட்டுக்கும் இனிப்பு கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான், அவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினையோ பங்காளி உறவோ ஒன்றும் கிடையாது என்பது தெரியவந்தது.

ஒருவர் ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி. பெயரின் இறுதியில் ‘சின்ஹ்’ வரும். அக்கம்பக்கத்தார் அவரை ‘பாபு’ என்று மரியாதையாக அழைக்கிறார்கள். இரண்டாவது வீட்டுக்காரர் தையற்கடை வைத்திருப்பவர், தர்ஜி சமூகத்தைச் சேர்ந்தவர். மூன்றாவது வீட்டில் இருப்பவர் ஒரு பள்ளி ஆசிரியை. நெசவைக் குலத்தொழிலாகக் கொண்டிருந்த வண்கர் சமூகம், அதாவது அரசுப் பட்டியலில் தாழ்த்தப்பட்ட வகுப்பு. நான்காமவரின் தாத்தா சக்கரம் சுற்றிப் பானை வனைந்தவர். இவர் இப்போது தரை ஓடு வியாபாரம் செய்கிறார். நால்வருக்கும் பெயர் ஒன்று. ஆனால் சாதி வேறு, சடங்கு வேறு, பேசும் குஜராத்தியின் ஓசைகூடச் சற்றே வேறு.

சோலங்கி என்பது பள்ளிக்கூடத்தில் நாம் படித்த சாளுக்கியர் என்ற பெயரின் திரிபுதான் என்று பலரும் சொல்கிறார்கள். அப்படியானால் வாதாபியிலிருந்து வந்தவர்களா இவர்கள்? அந்தச் சொல்லுக்குப் பொருள் ஏதும் உண்டா? ஓர் அரச குலத்தின் பெயர் தையற்காரர் வீட்டுக்கும் நெசவாளர் வீட்டுக்கும் எப்படி வந்து சேர்ந்தது? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி (எழுதியவர்: படியெடுப்பவன்)

நல்ல கேள்வி. ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கும் மூன்று செய்திகளை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்: சொல்லின் ஒலி, சொல்லுக்குக் கற்பிக்கப்பட்ட பொருள், அந்தப் பெயரைத் தாங்கியவர்களின் உறவுமுறை. ஒலி பொருந்துகிறது என்பதற்காக உறவும் பொருந்தும் என்று முடிவுகட்டுவதில்தான் இதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வழுக்கி விழுகிறார்கள்.

வடகுஜராத்தில் இன்று பாட்டண் என்று வழங்கும் ஊருக்குப் பழைய பெயர் அணஹிலவாடம். அங்கே 940களின் தொடக்கத்தில் ஆட்சியைக் கைப்பற்றிய மூலராஜனும், அவனுக்குப் பின் ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஆண்ட அவன் வழியினரும் செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் தம்மைச் ‘சௌலுக்கியர்’ என்று குறித்துக்கொண்டனர். மக்கள் வாயில் வழங்கிய ‘சோலங்கி’ அந்தச் சௌலுக்கியத்தின் பேச்சு வடிவம். ஆகவே உங்கள் பலகையில் உள்ள பெயருக்கு நேர் மூலம் பாட்டணத்து அரச மரபுதான், வாதாபி அல்ல.

வாதாபிப் பாறையில் 543ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்ட முதலாம் புலிகேசியின் கல்வெட்டில் பெயர் ‘சலிக்கிய’ என்று காணப்படுகிறது. பின்னர் சலுக்கிய, சாலுக்கிய என்ற வடிவங்கள் வருகின்றன. வாதாபி அரசர்கள் தம்மை மானவிய கோத்திரத்தார் என்றும் ஹாரிதியின் மைந்தர் என்றும் சொல்லிக்கொண்டவர்கள். பன்றி அவர்களுடைய இலச்சினை. பாட்டணத்து அரசர்களின் பட்டயங்களில் இந்த மூன்றில் ஒன்றையும் காண முடியாது; புலிகேசியைத் தம் முன்னோன் என்று அவர்கள் ஓரிடத்திலும் பெருமை பேசவில்லை. முன்னோர் பட்டியலை நீட்டுவதற்குச் சிறு வாய்ப்புக் கிடைத்தாலும் விடாத காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில், தென்னகத்தையே ஆண்ட ஒரு பெருங்குலத்தோடு உறவு இருந்தும் அதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது.

வாதாபிக் குலத்தின் கிளை ஒன்று உண்மையிலேயே தென்குஜராத்தில் இருந்தது. நவசாரியில் கிடைத்த 739ஆம் ஆண்டுச் செப்பேடு, அக்கிளையைச் சேர்ந்த அவனிஜனாச்ரய புலிகேசி என்பவன் அரபுப் படையைத் தோற்கடித்ததைச் சொல்கிறது. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும், லாடம் எனப்பட்ட அப்பகுதியைப் பாரப்பன் என்ற சாளுக்கியன் தக்கணத்து இரண்டாம் தைலப்பனுக்கு அடங்கி ஆண்டுவந்தான். அவனோடு மூலராஜன் போரிட்டான். மூலராஜனின் மகன் சாமுண்டராஜன் பாரப்பனைக் கொன்றதாகக் குஜராத்திச் சமண அறிஞர் ஹேமசந்திரர் பாடியிருக்கிறார். ஒரே மண்ணில், ஒரே காலத்தில், ஏறத்தாழ ஒரே பெயரைத் தாங்கிய இரு குலங்கள் களத்தில் மோதியிருக்கின்றன. அதைப் பங்காளிச் சண்டையாக அன்றைய புலவர் பார்க்கவில்லை.

அதேசமயம் மூலராஜன் குஜராத்தில் இப்பெயரின் முதல் ஆளும் அல்லன். சௌராட்டிரக் கடற்கரையை ஒட்டிய ஊனா என்ற ஊரில் கிடைத்த 893, 899ஆம் ஆண்டுச் செப்பேடுகளில், கன்னோசியை ஆண்ட பிரதிகாரப் பேரரசன் மகேந்திரபாலனுக்கு அடங்கிய பலவர்மன், அவனிவர்மன் என்ற சாளுக்கியச் சிற்றரசர்கள் வருகிறார்கள். ஆக, மூலராஜன் பிறப்பதற்கு முன்பே தீபகற்பக் குஜராத்தில் இந்தப் பெயர் புழக்கத்தில் இருந்தது.

இனி பொருள். வடமொழியில் ‘சுலுகம்’ என்றால் குடங்கை, அதாவது நீரை முகப்பதற்காகக் குவித்த உள்ளங்கை. பாட்டணத்து அரசன் குமாரபாலன் காலத்தில், 1152ஐ ஒட்டி, வடநகரில் எழுப்பிய கோட்டைமதிலுக்காக ஸ்ரீபாலன் என்ற புலவர் பாடிய மெய்க்கீர்த்தியில் கதை இப்படி வருகிறது: அசுரரின் தொல்லை தாளாமல் தேவர்கள் பிரம்மனிடம் முறையிட்டபோது, சந்தி வழிபாட்டுக்காகக் கங்கை நீரைக் குடங்கையில் ஏந்தியிருந்த பிரம்மன், அந்த நீரிலிருந்தே ஒரு வீரனைத் தோற்றுவித்தான், அவனே சுலுக்கியன். மத்திய இந்தியாவில் பில்ஹரி என்ற ஊரிலுள்ள, கலசூரி அரசர்களின் கல்வெட்டு ஒன்று, தம் அரசி பிறந்த சௌலுக்கியக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்போது, துருபதனைச் சபிப்பதற்காகத் துரோணர் ஏந்திய குடங்கை நீரிலிருந்து அந்தக் குலம் தோன்றியது என்கிறது. துரோணர் பாரத்துவாசரின் மகன். சோலங்கி ராஜபுத்திரர்கள் இன்றும் பாரத்துவாச கோத்திரம் சொல்வதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

கை ஒன்றுதான், ஏந்தியவர் மட்டும் ஊருக்கு ஊர் மாறுகிறார். கல்யாணிச் சாளுக்கியரின் அவைப்புலவர் பில்ஹணரும் இதே குடங்கைக் கதையைத் தம் அரசனுக்குப் பாடியிருக்கிறார். பெயரின் உண்மைப் பொருள் மறந்துபோன பிறகு, ஓசைக்குப் பொருந்தும் வடமொழிச் சொல் ஒன்றைத் தேடிப் பிடித்து அதற்குக் கதை கட்டியிருக்கிறார்கள் என்பதே என் துணிபு. பெயர் மூத்தது, பொருள் இளையது.

மறுமொழி (எழுதியவர்: ஒலிநூல் மாணவி)

முன்னவர் ‘பேச்சு வடிவம்’ என்று ஒரே சொல்லில் கடந்துபோன இடத்தில் சற்றே நின்று பார்க்க விரும்புகிறேன்.

வடமொழியின் ‘ஔ’ ஒலி பிராகிருத வழியில் வந்த மொழிகளில் ‘ஓ’ ஆகிவிடுவது வழக்கம். மௌக்திகம் என்பது மோத்தி ஆனது. கௌரம் என்பது கோரா ஆனது. எனவே சோலங்கியின் முதலெழுத்தில் உள்ள ஓகாரம், குஜராத்தின் ‘சௌலுக்கிய’ வடிவத்திலிருந்து வந்ததே அன்றித் தக்கணத்துச் ‘சாலுக்கிய’ வடிவத்திலிருந்து வந்ததன்று. இதற்கு எதிர்ச்சான்று மராட்டியில் இருக்கிறது. அங்கே ‘சாளுங்கே’ என்ற குடும்பப்பெயர் பரவலாக உண்டு. அதன் ஆகாரம் தக்கண வடிவத்தின் ஆகாரம். ஒரே பெயரின் இரு வடிவங்கள் இரண்டு வட்டாரங்களில் தனித்தனியே உருண்டு, தனித்தனியே தேய்ந்திருக்கின்றன என்பதை இந்த ஓர் உயிரெழுத்தே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அடுத்தது, பெயரின் முதலிலிருந்த, ‘பச்சை’ என்பதில் வருவது போன்ற வல்லொலி, ‘பசை’ என்பதில் வருவது போன்ற மெல்லிய ஒலியாக மாறியிருப்பது. தமிழருக்கு இது புதிதன்று. சோறு, சொல் என்று எழுதிவிட்டு ஸகர ஒலியோடு பேசுகிறவர்கள்தானே நாம்! வடகுஜராத்திலும் கத்தியவாடிலும் நாட்டுப்புறத்தார் பேச்சைக் கேட்டால், பையனைக் குறிக்கும் ‘ச்சோக்ரோ’ என்ற சொல் ‘ஸோக்ரோ’ என்றுதான் காதில் விழும். கேள்வி கேட்டவர் தம் அடுக்ககத்திலேயே செவிகொடுத்துக் கேட்கலாம். இடையில் நுழைந்த மூக்கொலியும் இம்மொழிகளில் அரிதன்று. கண்ணைக் குறிக்கும் ‘அக்ஷி’ வடக்கே ‘ஆங்க்’ ஆனது போன்றதே அது.

ஒரு சிறு குறிப்பையும் சேர்க்கிறேன். குஜராத்தி எழுத்தில் ளகரம் உண்டு. மராட்டிச் சாளுங்கேயும் தமிழில் நாம் எழுதும் சாளுக்கியரும் ளகரத்தைக் கொண்டிருக்க, சோலங்கியை மட்டும் குஜராத்தியர் லகரத்தால்தான் எழுதுகிறார்கள்.

மறுமொழி (எழுதியவர்: மேற்குத்திசை)

மேலே உள்ள விளக்கங்களைப் படித்தேன். ஆனால் சோலங்கிகள் அக்கினி குலத்தவர் அல்லவா? ஆபு மலையில் வசிட்ட முனிவர் வளர்த்த வேள்வித் தீயிலிருந்து பரமாரர், பிரதிகாரர், சௌகான், சோலங்கி என்ற நான்கு குலங்கள் தோன்றியதாக ராஜஸ்தானில் வழிகாட்டிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நீரிலிருந்து தோன்றியவர் என்று நீங்கள் சொல்வதும் தீயிலிருந்து தோன்றியவர் என்று அவர்கள் சொல்வதும் முரணாக இருக்கிறதே?

மறுமொழி (எழுதியவர்: படியெடுப்பவன்)

முரண்தான், அந்த முரணிலேயே விடையும் இருக்கிறது.

தீயில் தோன்றிய கதை தொடக்கத்தில் பரமாரருக்கு மட்டுமே உரியது. ஆபு மலை அவர்களுடைய ஆட்சிக்குட்பட்ட நிலம். பதினொன்றாம் நூற்றாண்டு முதலே அவர்களுடைய இலக்கியத்திலும் கல்வெட்டுகளிலும் அக்கதை வருகிறது. பாட்டணத்து அரசர்கள் ஆட்சியில் இருந்தவரை அவர்களுடைய பட்டயங்களிலோ அவைப்புலவர்களின் பாட்டிலோ தீக்கதை இல்லை. குடங்கைக் கதைதான் இருக்கிறது. நான்கு குலங்களையும் ஒரே வேள்விக்குண்டத்தருகே நிறுத்தும் வடிவம், பிருதிவிராசனைப் பற்றிய ராசோ காவியத்தின் பிற்காலப் பிரதிகளின் வழியாகப் பரவியது. அரசும் அரண்மனையும் போய், ராஜபுத்திரர் என்ற பொது அடையாளம் கெட்டிப்பட்ட காலத்தில், தனித்தனிக் குலக்கதைகளைவிட எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைக்கும் கதை தேவைப்பட்டிருக்கிறது. நீரில் பிறந்தவனைக் கொண்டுபோய்த் தீயில் இட்டது அந்தத் தேவை.

மூலராஜனின் பிறப்பைப் பற்றியே இன்னொரு கதையும் உண்டு. மேருதுங்கர் என்ற சமண ஆசிரியர் 1304ஐ ஒட்டி எழுதியது: கன்னோசி நாட்டிலிருந்து ராஜி என்ற இளவரசன் அணஹிலவாடத்துக்கு வந்து, அங்கே ஆண்ட சாபோத்கட, அதாவது சாவ்டா குலத்து அரசன் சாமந்தசிம்மனின் தங்கை லீலாதேவியை மணந்தான், மூல நட்சத்திரத்தில் பிறந்ததால் மகனுக்கு மூலராஜன் என்று பெயர். தாய்மாமன் மதுமயக்கத்தில் இருக்கும்போதெல்லாம் மருமகனை அரியணையில் அமர்த்துவானாம். மயக்கம் தெளிந்ததும் இறக்கிவிடுவானாம். ‘சாவ்டா கொடுத்த கொடை’ என்பது பயனற்ற கொடைக்கு வழக்காகவே ஆகிவிட்டது என்கிறார் ஆசிரியர். ஒருநாள் அரியணையில் ஏறிய மருமகன் இறங்க மறுத்து மாமனைக் கொன்றுவிட்டான். இந்தச் சாவ்டாவும் இன்று குஜராத்தில் பரவலான குடும்பப்பெயர்தான். உங்கள் அடுக்ககப் பலகையில் அதுவும் இருந்தால் வியப்பில்லை.

அந்த மரபின் நினைவு ஒன்று உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கக்கூடும். 2018இல் வெளிவந்த ஊதாநிற நூறு ரூபாய்த் தாளின் பின்பக்கத்தில் உள்ள படிக்கிணறு, மூலராஜனின் வழிவந்த முதலாம் பீமனுடைய அரசி உதயமதி பாட்டணத்தில் எழுப்பிய ‘ராணி கி வாவ்’. 2014இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

மறுமொழி (எழுதியவர்: வடோதராக்காரி)

கல்வெட்டுகளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் வடோதராவில் பிறந்து வளர்ந்தவள் என்ற முறையில், மூன்றாவது கேள்விக்கு என்னால் ஓரளவு விடை சொல்ல முடியும். ‘ஓர் அரச குலத்தின் பெயர் தையற்காரர் வீட்டுக்கு எப்படி வந்தது’ என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் அமைப்பிலேயே ஒரு சாய்வு இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டேன்.

குஜராத்தியில் குடும்பப்பெயரை ‘அட்டக்’ என்பார்கள். பள்ளிப் பதிவேட்டிலும் அரசுப் படிவத்திலும் முதலில் அட்டக், பிறகு தன் பெயர், பிறகு தந்தை பெயர் என்ற வரிசையில் எழுதுவார்கள். தலைப்பெழுத்தோடு பழகிய நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். அட்டக் என்பது ஒரே வகைப் பெயர் அன்று. தேசாய், பட்டேல் போன்றவை வகித்த பொறுப்பிலிருந்து வந்தவை. பட்டேல் என்றால் ஊர்த்தலைவர். சோனி (பொற்கொல்லர்), சுதார் (தச்சர்), லுஹார் (கொல்லர்) போன்றவை தொழிலிலிருந்து வந்தவை. சோலங்கி, பர்மார், சௌகான், ராட்டோட் போன்றவை குலப்பெயர்கள். இந்தக் குலப்பெயர்கள்தாம் சாதி எல்லைகளைத் தாண்டி அதிகமாகப் பரவியிருக்கின்றன. தர்ஜி, கும்பார், லுஹார், கோளி, வண்கர் என்று ஒவ்வொரு சமூகத்துக்குள்ளும் ஒரு சோலங்கி, ஒரு பர்மார், ஒரு சௌகான் இருப்பார்கள். மதம் மாறியவர்களிடமும் இப்பெயர்கள் நீடிக்கின்றன. மோலேசலாம் கராசியா எனப்படும் முஸ்லிம்களிடையே ராஜபுத்திரக் குலப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன.

கைவினைச் சமூகத்தாரிடம் கேட்டால், “எங்கள் முன்னோரும் ராஜபுத்திரர்தாம், போரில் தோற்றுத் தொழிலை மாற்றிக்கொண்டோம்” என்ற கதையைப் பெரும்பாலும் சொல்வார்கள். அவர்களிடம் அக்கதையை எழுத்தில் வைத்திருப்பவர் பாரோட். ‘வகிவஞ்சா’ என்றும் அவருக்குப் பெயர். வகி என்றால் பேரேடு, வஞ்சா என்றால் வாசிப்பவர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்பங்களைத் தேடி வந்து, துணியில் சுற்றிய பேரேட்டைப் பிரித்து, தலைமுறை தலைமுறையாக ஆண்மக்களின் பெயரை ராகத்தோடு வாசித்து, புதிதாகப் பிறந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு, தட்சிணை பெற்றுக்கொண்டு போவார். என் தோழியின் வீட்டில் அதை நேரில் பார்த்திருக்கிறேன். தோழியின் தாத்தா பெயர் வந்ததும் பாரோட் ஒருகணம் நிறுத்தினார். வீட்டிலிருந்த முதியவர்கள் கையைக் கூப்பினார்கள். அந்தப் பேரேட்டின் மேற்பகுதி, அதாவது முதல் சில தலைமுறைகள், ஏதாவது ஓர் அரச குலத்தில் போய் முட்டும். கீழ்ப்பகுதியை நம்பலாம், சொத்து வழக்குகளில்கூட அது பயன்பட்டதுண்டு. மேற்பகுதி மரியாதைக்கானது.

எல்லாச் சோலங்கிகளும் இரத்த வழியில் மூலராஜனின் பேரர்கள் அல்லர் என்பதை ஒப்புக்கொண்டால், சிலர் உடனே ‘அப்படியானால் பொய்யாகச் சூட்டிக்கொண்டார்கள்’ என்ற இடத்துக்குத் தாவிவிடுகிறார்கள். அதுவும் சரியன்று. தலைவனைச் சார்ந்து வாழ்ந்த குடிகள் தலைவனின் குலப்பெயரால் அறியப்படுவது பழைய வழக்கம். ‘சோலங்கியின் ஆட்கள்’ என்பது சில தலைமுறைகளில் ‘சோலங்கிகள்’ ஆகிவிடும். பிற்காலத்தில் பள்ளிப் பதிவேடும் பட்டாளப் பதிவேடும் ‘அட்டக் என்ன?’ என்று கேட்டபோது, வாயில் புழங்கிய பெயர் மையில் ஏறி நிலைத்தது.

வண்கர் சமூகத்துக்கும் சோலங்கி அரசுக்கும் வேறொரு பிணைப்பும் உண்டு. சித்தராஜ ஜெயசிம்மன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாட்டணத்தில் வெட்டிய சஹஸ்ரலிங்க ஏரியில் நீர் நிற்கவில்லை என்றும், முப்பத்திரண்டு இலக்கணமும் பொருந்திய ஒருவனைப் பலி கொடுத்தால்தான் நிற்கும் என்று சோதிடர் சொன்னதாகவும், மாயோ என்ற நெசவாளர் தாமே முன்வந்து உயிர் கொடுத்ததாகவும் மரபு சொல்கிறது. அதற்கு ஈடாக அவர் கேட்டது பொன்னோ நிலமோ அல்ல: எச்சில் துப்பக் கழுத்தில் கலயமும், நடந்த தடத்தைக் கூட்ட இடுப்பில் துடைப்பமும் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற விதியைத் தம் மக்களுக்கு நீக்க வேண்டும், ஊரை ஒட்டிக் குடியிருக்கவும் வீட்டில் துளசி வைக்கவும் விட வேண்டும் என்பது. வீர் மேக்மாயா என்று அவரைப் பாட்டணத்தில் இன்றும் வழிபடுகிறார்கள். உங்கள் அடுக்ககத்து ஆசிரியைக்கு ‘சோலங்கி காலம்’ என்றால் படிக்கிணறும் வெற்றித்தூணும் மட்டும் நினைவுக்கு வராது. இந்தக் கலயமும் துடைப்பமும் சேர்ந்தே நினைவுக்கு வரும். அதே பெயர் அவர் வீட்டுக் கதவில் இருப்பதை, மேலே இருப்பவரிடம் கடன் வாங்கிய பெயராகப் பார்க்க என் மனம் ஒப்பவில்லை.

அரசியலிலும் இந்தப் பெயருக்கு இடமுண்டு. குஜராத்தின் முதலமைச்சராகப் பலமுறை இருந்த மாதவ்சின்ஹ் சோலங்கி, சத்திரியர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், முஸ்லிம்கள் ஆகிய நால்வரையும் ஒரே அணியில் சேர்த்து 1985இல் 182 இடங்களில் 149ஐ வென்றார். அந்த அணியில் சத்திரியர் என்றது அரண்மனை ராஜபுத்திரரை மட்டும் அன்று. கோளி முதலான பெருந்திரள் உழவர் சமூகங்களையும் சேர்த்துத்தான். சோலங்கி என்ற ஒரே அட்டக் மேலும் கீழும் பரவியிருந்தது அத்தகைய அணிசேர்க்கைக்கு இடைஞ்சலாக இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

மறுமொழி (எழுதியவர்: சபர்மதிக்கரை)

இத்தனை விரிவாக விடை வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வடோதராக்காரி அம்மையார் சுட்டிய சாய்வை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு துணைக்கேள்விகள். வாகேலா என்ற பெயரும் சோலங்கியின் கிளை என்கிறார்களே, அது எவ்வாறு? இன்னொன்று, எங்கள் அலுவலகத்தில் பணிபுரியும் தமிழ் நண்பர் ஒருவர், “முதலாம் குலோத்துங்க சோழனும் சாளுக்கியன் மகன்தானே, அப்படிப் பார்த்தால் அவனும் சோலங்கிதான்” என்று வேடிக்கையாகச் சொன்னார். அதில் உண்மை ஏதும் உண்டா?

மறுமொழி (எழுதியவர்: படியெடுப்பவன்)

பின்னதை முதலில் முடித்துவிடலாம். குலோத்துங்கனின் தந்தை ராஜராஜ நரேந்திரன் வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கியன். தாய் ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கை. வேங்கிக் கிளை, வாதாபியின் இரண்டாம் புலிகேசி தன் தம்பி குப்ஜ விஷ்ணுவர்த்தனனை ஆந்திரக் கடற்கரைக்கு அனுப்பியதிலிருந்து தோன்றியது. ஆகவே குலோத்துங்கனுக்கு வாதாபியோடு நேரான கால்வழி உண்டு, பாட்டணத்தோடு இல்லை. 1070இல் அவன் சோழ அரியணை ஏறியபோது பாட்டணத்தில் முதலாம் கர்ணன் ஆண்டுகொண்டிருந்தான். உங்கள் நண்பரின் வேடிக்கையை வேடிக்கையாகவே வைத்துக்கொள்ளலாம்.

வாகேலா கதை இதைவிடச் சுவையானது, ஏனெனில் ஒரு குலப்பெயர் எப்படிப் பிறக்கிறது என்பதை அதில் கண்ணெதிரே காணலாம். குமாரபாலனுடைய தாயின் உடன்பிறந்தவளை மணந்த தவளன் என்பவனின் மகன் அர்ணோராஜன். அவன் செய்த படைத்தொண்டுக்காகக் குமாரபாலன் அவனுக்கு வியாக்கிரபள்ளி என்ற சிற்றூரைக் கொடுத்தான். வியாக்கிரம் புலி, பள்ளி சிற்றூர். மக்கள் வாயில் அது வாகேல் ஆயிற்று. அந்த ஊரினர் வாகேலா ஆனார்கள். ‘வாக்’ என்றால் புலி என்பதால் புலியைக் கொன்ற வீரன், புலிப்பால் குடித்த குழந்தை என்றெல்லாம் கதைகள் உண்டு. ஆனால் பெயர் ஊரிலிருந்து வந்தது. அர்ணோராஜனின் வழியினர் முதலில் தோல்கா என்ற ஊரில் இருந்துகொண்டு பலவீனமான பாட்டணத்து அரசரைத் தாங்கிப் பிடித்தார்கள். 1244ஐ ஒட்டி விசாலதேவன் தானே பாட்டணத்து அரசனானான். ஆபுவில் 1231இல் தேஜபாலன் கட்டிய சமணக் கோயிலின் கல்வெட்டு அர்ணோராஜனைச் சௌலுக்கியக் குலத்தவன் என்றே சொல்கிறது. ஆக, கல்லில் சௌலுக்கியர், வாய்வழக்கில் வாகேலா. 1299இல் அலாவுத்தீன் கில்ஜியின் படை வந்து அந்த மரபின் கடைசி அரசன் கர்ணனை விரட்டியது. மத்தியப் பிரதேசத்தில் ரேவாவை ஆண்ட பாகேல்கள் தம் பூர்வீகத்தை இந்த வாகேலாக்களோடு இணைத்துச் சொல்வார்கள். பாகேல்கண்ட் என்ற நிலப்பகுதியின் பெயரும் அவர்களால் வந்ததே.

சோலங்கி என்ற பெயரோடு நாடு விடுதலை பெறும்வரை நீடித்த சமஸ்தானங்களும் இருந்தன: மகி ஆற்றுப் பக்கம் லூணாவாடா, தெற்கே காடு சூழ்ந்த வான்ஸ்தா. இரண்டுக்கும் ஆங்கிலேயர் ஆட்சியில் ஒன்பது பீரங்கிக்குண்டு மரியாதை இருந்தது.

மறுமொழி (எழுதியவர்: சபர்மதிக்கரை)

நேற்று மாலை கீழே நடைபயிலும்போது காவல்துறைப் பெரியவரிடம் கோத்திரம் கேட்டேன். தயங்காமல் பாரத்துவாசம் என்றார். குடங்கைக் கதையைச் சொன்னபோது சிரித்துவிட்டு, தம் தாத்தா ஆபு மலைத் தீயைத்தான் சொல்லியிருக்கிறார் என்றார். தையற்கடைக்காரரிடம் பாரோட் உண்டா என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. பாவாடைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தவர் எந்திரத்தை நிறுத்திவிட்டு, தம் குடும்பத்துப் பாரோட் சாணந்துப் பக்கத்து ஊர்க்காரர் என்றும், பெரியவர் காலமாகிவிட்டதால் இப்போது மகன் வருகிறார் என்றும், அந்த மகன் பேரேட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருப்பதாகவும் சொன்னார். ஆசிரியை வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிக்கு மேலே, அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் மேக்மாயா படம் இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன். அது எந்தத் துறவியின் படமோ என்று எண்ணியிருந்தேன். தரை ஓடு வியாபாரி ஊரில் இல்லை.

தீபாவளி கழிந்ததும் பாரோட் வருகிறாராம். வாசிக்கும்போது வந்து உட்காரலாம் என்று தையற்காரர் சொல்லியிருக்கிறார். பெண்மக்களின் பெயரையும் இம்முறை எழுதச் சொல்லப்போவதாகவும், அதைப் பற்றி வீட்டில் ஏற்கெனவே வாக்குவாதம் நடந்துகொண்டிருப்பதாகவும் சேர்த்துச் சொன்னார். போய்வந்து எழுதுகிறேன்.